சம்புக்கான ரிட்டர்ன் பம்ப்: எத்தனை லிட்டர், எவ்வளவு உயரம்

பெங்களூர் அல்சூரில் மூன்றாம் மாடிக் குடியிருப்பில் வசிக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி. அதன் கீழே ஸ்டாண்டுக்குள் இரண்டரை அடி நீளமான சம்ப், அதாவது மேல்தொட்டியின் நீர் இறங்கி வடிகட்டப்படும் துணைத்தொட்டி, வைக்கப்போகிறார். அங்கிருந்து நீரைத் திரும்ப மேலே ஏற்றுவதுதான் ரிட்டர்ன் பம்ப். இப்போது ஆப்பிரிக்க சிக்லிட் மீன்கள் வளர்கின்றன. ஓரிரு ஆண்டுகளில் கடல்நீர்த் தொட்டியாக மாற்றும் எண்ணமும் உண்டு. தொட்டியின் கொள்ளளவைப் போல் மணிக்குப் பத்து மடங்குக்கு மேல் நீர் சுழல வேண்டும் என்று சொல்லிக் கடையில் மணிக்கு 5000 லிட்டர் தள்ளும் பம்பைக் காட்டியிருக்கிறார்கள். அதை வாங்கலாமா, டி.சி. பம்ப் அவசியமா, மின்சாரம் போகும்போது சம்ப் நிரம்பித் தண்ணீர் கீழ்வீட்டுக்கு இறங்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பவை அவருடைய கேள்விகள்.

நண்பரே, அந்த 5000 லிட்டர் பம்ப் உங்களுக்கு வேண்டாம். பெட்டியில் 3000 லிட்டர் என்றும், அதிகபட்ச உயரம் 3 மீட்டர் என்றும் அச்சிட்டிருக்கும் பம்ப் போதும்; அதிலிருந்து தொட்டிக்கு உண்மையில் வந்து சேர வேண்டியது மணிக்கு 1500 லிட்டர். இந்த எண்கள் எப்படி வந்தன என்று விளக்குவதுதான் இந்தப் பதிலின் பெரும்பகுதி, ஏனென்றால் நாளை நீங்கள் குழாயையோ ஸ்டாண்டையோ மாற்றினால் எண்களும் மாறும்.

முதலில் சம்பின் வேலை என்ன என்பதில் தெளிவு வேண்டும். தொட்டிக்குள் நீரை அலைக்கழிப்பது சம்பின் வேலை அன்று. மேற்பரப்பில் படியும் எண்ணெய்ப் படலத்தையும் மிதக்கும் கழிவையும் கீழே இழுத்துவந்து, வடிகட்டிப் பை வழியாகவும் நன்மை செய்யும் பாக்டீரியா குடியிருக்கும் மீடியா (நுண்துளைக் கற்கள் போன்ற வடிகட்டிப் பொருள்) வழியாகவும் ஹீட்டரைத் தாண்டியும் செலுத்தி, திரும்ப மேலே அனுப்புவதே அதன் வேலை. இதற்கு எவ்வளவு ஓட்டம் தேவை என்பதை ஒரு சிறு கணக்கே காட்டிவிடும். நீர் நன்றாகக் கலக்கும் தொட்டியில், கொள்ளளவைப் போல் மூன்று மடங்கு நீர் சம்ப் வழியாகச் சென்றுவிட்டால், தொட்டி நீரில் ஏறத்தாழ 95 சதவீதம் ஒருமுறையாவது கீழே போய் வந்திருக்கும். ஐந்து மடங்கு என்றால் 99 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஆகவே மணிக்கு ஐந்து மடங்கைப் பத்து மடங்காக்கும்போது வடிகட்டலில் கிடைக்கும் ஆதாயம் மிகச் சிறியது. மின்கட்டணம், இரைச்சல், குமிழி, வெப்பம் ஆகியவையோ கண்கூடாகக் கூடும். நீர் மெதுவாகப் போனால்தான் பாக்டீரியாவுக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும் என்று இதற்கு நேர்மாறாகச் சிலர் சொல்வதுண்டு. அதுவும் சரியன்று, ஏனென்றால் ஒரே நீர்தான் திரும்பத் திரும்ப அந்த மீடியா வழியாக வருகிறது. குறைந்த ஓட்டத்தை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் பாக்டீரியா அன்று. தேவைக்கு மேல் ஓட்டுவதில் பயன் இல்லை என்பதுதான்.

உங்கள் தொட்டி ஏறத்தாழ 120, 45, 60 செ.மீ. அளவுள்ளது. மேல் விளிம்பிலிருந்து 5 செ.மீ. இறக்கி நீர் நிறுத்தினால் 297 லிட்டர். சிக்லிட்டுகளுக்காக அடுக்கும் கல்லையும் மணலையும் கழித்தால் 270 லிட்டர் அளவில் நிற்கும். நான்கிலிருந்து ஆறு மடங்கு என்பது நல்ல வரம்பு. அது 1080 முதல் 1620 லிட்டர் வரை வரும். சிக்லிட்டுகள் நிறைய உண்டு நிறையக் கழிவை வெளியேற்றும் மீன்கள் என்பதாலும், பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் சென்னையில் ஒரு தொட்டி நீரில் கரையக்கூடிய ஆக்சிஜனைவிட இங்கே ஏறத்தாழ பத்து சதவீதம் குறைவாகவே கரையும் என்பதாலும், வரம்பின் மேல்பகுதியை எடுத்துக்கொண்டு 1500 என்று வைத்தேன். ஓவர்ஃப்ளோ (மேற்பரப்பு நீர் வழிந்து வடிகாலுக்குள் இறங்கும் பெட்டி) வழியாக நீர் மெல்லிய தகடாக விழுந்து இறங்குவது, நெருக்கமாக மீன் வைத்திருக்கும் தொட்டிக்கு இந்த ஊரில் பெரிய உதவி.

அடுத்தது உயரம். பெரும்பாலானோர் பணத்தை வீணாக்குவது இந்த இடத்தில்தான். பெட்டியில் அச்சிட்ட லிட்டர் கணக்கு, நீரைச் சிறிதும் மேலே தூக்காமல், குழாயே இல்லாமல் பம்ப் தள்ளும் அளவு. அச்சிட்ட அதிகபட்ச உயரமோ, பம்ப் நீரைத் தூக்கி நிறுத்திவிட்டு ஒரு சொட்டும் வெளியேற்ற முடியாமல் நிற்கும் உயரம். இவ்விரண்டு எல்லைகளுக்கு நடுவில் எங்கோதான் உங்கள் பம்ப் வேலை செய்யப்போகிறது. தூக்க வேண்டிய உயரத்தைப் பம்ப் உட்கார்ந்திருக்கும் அடித்தளத்திலிருந்து அளக்கக் கூடாது. சம்பில் பம்ப் இருக்கும் அறையின் நீர்மட்டத்திலிருந்து மேல்தொட்டியின் நீர்மட்டம் வரை அளக்க வேண்டும். உங்கள் ஸ்டாண்டு 75 செ.மீ., அதற்கு மேல் தொட்டியில் நீர் 55 செ.மீ., ஆக 130. சம்பில் நீர்மட்டம் 20 செ.மீ. என்றால் தூக்க வேண்டியது 110 செ.மீ. மட்டுமே.

இதனுடன் குழாயின் உராய்வைச் சேர்க்க வேண்டும். இரண்டு மீட்டர் குழாய், நான்கு எல்போ, மணிக்கு 1500 லிட்டர் ஓட்டம் என்று வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். உள்விட்டம் 25 மி.மீ. குழாயில் உராய்வு ஏறத்தாழ 25 செ.மீ. உயரத்துக்குச் சமமாகிறது. 20 மி.மீ. குழாயில் அது 65 செ.மீ. ஆகிறது. பம்புடன் பெட்டியில் வரும் மெல்லிய ஹோஸைப் போல 15 மி.மீ. குழாயைப் போட்டுவிட்டால் உராய்வு மட்டுமே இரண்டு மீட்டரைத் தாண்டிவிடும். அதாவது நீரை மேலே தூக்கத் தேவைப்படும் உழைப்பைப்போல் இரு மடங்கைப் பம்ப் குழாயின் சுவரோடு உரசுவதில் செலவழிக்கும். ஒரு இஞ்ச் பி.வி.சி. குழாய்க்கும் முக்கால் இஞ்ச் குழாய்க்கும் விலை வித்தியாசம் மிகக் குறைவு. பம்பின் வாய் சிறியதாக இருந்தாலும் அதையொட்டியே ஒரு ரெடியூசர் (இரு அளவுக் குழாய்களை இணைக்கும் துண்டு) போட்டு ஒரு இஞ்சுக்கு மாறிவிடுங்கள். கூர்மையான எல்போ ஒவ்வொன்றும் ஓட்டத்தைத் தடுப்பதால், இரண்டு எல்போக்களுக்குப் பதிலாக வளையக்கூடிய ஹோஸ் ஒரு துண்டு போட முடிந்தால் அதுவே மேல். பம்பின் அதிர்வு கண்ணாடிக்குப் பரவாமல் இருக்கவும் அது உதவும். பம்புக்குச் சற்று மேலே ஒரு யூனியன் (திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு) வைத்தால், சுத்தம் செய்யும்போது குழாயை அறுக்க வேண்டியிருக்காது.

ஆக ஒரு இஞ்ச் குழாயில் மொத்த உயரம் 1.35 மீட்டர், தாராளமாக 1.4 என்று கொள்வோம். தயாரிப்பாளர் தரும் ஓட்ட வரைபடம் கிடைத்தால் அதில் 1.4 மீட்டருக்கு நேரே எத்தனை லிட்டர் என்று பார்ப்பதே சரியான வழி. சோபோ, சன்சன் போன்ற மலிவான பம்புகளின் பெட்டியில் பெரும்பாலும் இரண்டு எண்கள் மட்டுமே இருக்கும். அப்போது இரண்டு எல்லைகளுக்கும் நடுவே நேர்க்கோடு போட்டுக்கொள்ளுங்கள். உண்மையான வளைவு வழக்கமாக அந்தக் கோட்டுக்குச் சற்று மேலேதான் ஓடும் என்பதால் இந்தக் கணக்கு உங்களை ஏமாற்றாது. 3000 லிட்டர், 3 மீட்டர் பம்ப் 1.4 மீட்டரில் ஏறத்தாழ 1600 லிட்டர் தரும். அதே 3000 லிட்டர், ஆனால் அதிகபட்ச உயரம் 2 மீட்டர் என்று போட்ட பம்ப் 900 லிட்டர்தான் தரும். லிட்டர் ஒன்றாகவே இருந்தும் இவ்வளவு வேறுபாடு. எனவே கடையில் லிட்டரை மட்டும் கேட்காமல் உயரத்தையும் கேட்டு வாங்குங்கள். சாதாரண ஏ.சி. பம்பின் சுழற்சி வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பின்பற்றுவது. 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான எண்ணை அச்சிட்டிருந்தால் நம்முடைய 50 ஹெர்ட்ஸில் ஓட்டம் குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

டி.சி. பம்ப் அவசியமா என்றால், அவசியம் இல்லை. ஆனால் செலவழிக்க முடிந்தால் நல்லது. 60 வாட் ஏ.சி. பம்ப் இடைவிடாமல் ஓடினால் மாதம் 43 யூனிட் ஆகும். அதே வேலையை 25 வாட்டில் செய்யும் டி.சி. பம்ப் 18 யூனிட்டில் முடித்துவிடும். ஆண்டுக்கு 300 யூனிட் மிச்சம். நீரில் மூழ்கியிருக்கும் பம்ப் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் கடைசியில் அநேகமாக முழுவதும் நீருக்குள்ளேயே வெப்பமாகிறது; டிசம்பரில் அது ஹீட்டருக்குத் துணை, ஏப்ரலில் அது தொல்லை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் டி.சி.யில் உண்டு. ஆனால் அந்த வசதியைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. வேகத்தை 70 சதவீதமாகக் குறைத்தால் ஓட்டமும் 70 சதவீதமாகும் என்று நினைக்கிறார்கள். பம்ப் தூக்கக்கூடிய உயரம் வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றிக் குறைவது. 3 மீட்டர் பம்ப் 70 சதவீத வேகத்தில் 1.47 மீட்டர்தான் தூக்கும். 60 சதவீதத்தில் 1.08 மீட்டர். உங்களுக்குத் தேவையான 1.1 மீட்டரை அது எட்டவே எட்டாது. பம்ப் சுழன்றுகொண்டே இருக்கும், மேலே நீர் வராது. பம்ப் பழுது என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றுள் சில இப்படிப்பட்டவையாகத்தான் இருக்கும். டி.சி. வாங்குவதானால் நீங்கள் பயன்படுத்தப்போகும் வேகம் 75 முதல் 90 சதவீதத்துக்குள் இருக்கும்படி அளவைத் தேர்ந்தெடுங்கள். ஏ.சி. பம்பில் ஓட்டத்தைக் குறைக்க விரும்பினால் வெளியேறும் குழாயில் பால் வால்வு வைத்து மட்டுப்படுத்தலாம், பம்புக்குக் கேடில்லை. உறிஞ்சும் பக்கத்தை மட்டும் ஒருபோதும் அடைக்கக் கூடாது.

பம்பைத் தேர்ந்தெடுக்கும் முன்பே வடிகாலைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் கீழே இறங்கும் நீரைப் புவியீர்ப்பைத் தவிர வேறு எதுவும் தள்ளுவதில்லை. கண்ணாடித் துளையில் பொருத்தும் ஒரு இஞ்ச் டேங்க் கனெக்டரும் மேலே காற்றுத் துளையுள்ள டர்சோ வகை நிலைக்குழாயும் மணிக்கு 2000 லிட்டர் அளவுக்கு அமைதியாக இறக்கும். அதற்கு மேல் போனால் கொப்பளிக்கும் ஓசையும் சம்பில் நுண்குமிழியும் தொடங்கும். 5000 லிட்டர் பம்பை இந்த வடிகாலின்மேல் திறந்துவிட்டால், பம்ப் மேலே ஏற்றும் நீரை வடிகாலால் இறக்க முடியாமல் தொட்டியின் விளிம்பு வழியாக வழிய வாய்ப்புண்டு. கண்ணாடியில் இன்னும் துளை போடவில்லை என்றால் இரண்டு துளைகள் போடச் சொல்லுங்கள்: ஒன்று வழக்கமான வடிகால், மற்றொன்று சற்று உயரமாக, எப்போதும் வறண்டே நிற்கும் அவசர வடிகால். முதலாவதில் நத்தையோ தழையோ அடைத்துக்கொண்டால் இரண்டாவது காப்பாற்றும். இதற்குப் பிறகு செய்யும் எந்தச் செலவும் இந்த இரண்டாவது துளை அளவுக்குப் பாதுகாப்பு தராது என்பது என் உறுதியான கருத்து.

இனி மின்வெட்டு. மூன்றாம் மாடியில் இருக்கும் உங்களுக்கு இதுவே முதன்மையான கேள்வி. கோடை மாலையில் மழை தொடங்கியதும் மின்சாரம் போவது இந்த ஊரில் எல்லோருக்கும் பழகிய ஒன்று. பம்ப் நின்றவுடன் இரண்டு வழிகளில் நீர் கீழே வரும். ஓவர்ஃப்ளோவின் விளிம்புக்கு மேல் நிற்கும் நீர் வடிந்து இறங்கும். பல் வெட்டிய 30 செ.மீ. ஓவர்ஃப்ளோவில் 1500 லிட்டர் ஓட்டத்துக்கு இது ஒரு செ.மீ. அல்லது சற்றுக் கூடுதலாக இருக்கும். அதோடு, மேலே ஏற்றிய குழாயே இப்போது சைஃபனாக மாறி, அதன் வாய் நீருக்கு வெளியே வரும்வரை தொட்டியைத் தலைகீழாக உறிஞ்சும். உங்கள் தொட்டியில் ஒவ்வொரு செ.மீ. உயரமும் 5.4 லிட்டர். குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 3 செ.மீ. கீழே இருந்தால் இறங்குவது 16 லிட்டர், 10 செ.மீ. கீழே இருந்தால் 54 லிட்டர். உங்கள் சம்ப் 75, 38, 38 செ.மீ. என்றும், தடுப்புக் கண்ணாடிகள் 23 செ.மீ. உயரம் என்றும், பம்ப் அறை 25 செ.மீ. அகலம் என்றும் கொண்டால், ஓடும்போது அதில் மிஞ்சியிருக்கும் காலியிடம் விளிம்புக்கு 2 செ.மீ. கீழே வரை ஏறத்தாழ 40 லிட்டர். முதல் நிலையில், குழாயிலும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் நிற்கும் சில லிட்டர்களைச் சேர்த்தாலும் பாதி இடமே நிரம்பும். இரண்டாவது நிலையில் வீட்டுத் தரை நனையும்.

ஆகவே குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு 2 அல்லது 3 செ.மீ. கீழே மட்டும் வையுங்கள். நீர்மட்டத்தை ஒட்டிக் குழாயில் ஒரு சிறு துளை போட்டுக் காற்றை உள்ளே விட்டு சைஃபனை முறிக்கும் முறையும் உண்டு. அதைக் கூடுதல் காப்பாக வைத்துக்கொள்ளலாம், பாசி அடைத்துவிடும் என்பதால் அதை மட்டுமே நம்பக் கூடாது. நீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வைப் பற்றியும் இதையே சொல்வேன். ஒரு மணல் துகள் இடையில் சிக்கினாலும் அது முழுதாக மூடாது. ஓட்டத்தையும் எப்போதும் கொஞ்சம் குறைத்துக்கொண்டே இருக்கும். எல்லாம் பொருத்தி நீர் நிரப்பியதும், மீன்களை விடும் முன், பம்பை அணைத்து நீர் இறங்கி முடியும்வரை அருகிலேயே நின்று பாருங்கள். சம்ப் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதைப் பார்த்து, ஓடும்போது பம்ப் அறையில் தாண்டக் கூடாத மட்டத்தை வெளிக்கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். நீர் மாற்றும் நாளில் வீட்டில் வேறு யாராவது நிரப்பினாலும் அந்தக் கோடு போதும்.

எதிர்த்திசை விபத்தையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்: வடிகால் முழுவதும் அடைத்துக்கொண்டு பம்ப் மட்டும் ஓடினால் என்ன ஆகும்? பம்ப் அறையிலிருந்து அது உறிஞ்ச முடிவது 12 லிட்டர் அளவுதான். மேல்தொட்டியில் விளிம்புவரை 27 லிட்டருக்கு இடம் இருக்கிறது. உங்கள் அளவுகளில் இது பாதுகாப்பானது. ஆவியாகும் நீரும் பம்ப் அறையில்தான் குறைந்து தெரியும். அந்தச் சிறிய அறையில் இரண்டு லிட்டர் குறைந்தாலே மட்டம் 2 செ.மீ. இறங்கும். அதைத் தினமும் பார்த்து ஊற்ற முடியாவிட்டால், மிதவை வைத்த தானியங்கி நிரப்பி ஒன்று தேவைப்படும்.

இன்வெர்ட்டரில் இணைப்பதானால் ஒன்றைக் கவனியுங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் ஏ.சி. பம்புகள் முரலும், சூடேறும், சில நேரம் கிளம்பவே மாட்டா. சைன் அலை இன்வெர்ட்டரில் அந்தத் தொல்லை இல்லை. அடாப்டரில் ஓடும் டி.சி. பம்புகள் இதில் அவ்வளவு பிடிவாதமானவை அல்ல. ஆனால் மின்சாரம் திரும்பியதும் கட்டுப்பாட்டுப் பெட்டி பழைய வேகத்திலேயே தானாகத் தொடங்குகிறதா என்று வாங்கிய நாளிலேயே பிளக்கைப் பிடுங்கிச் சோதியுங்கள். நீண்ட மின்வெட்டில் மீன்களுக்கு முதலில் வேண்டியது மேல்தொட்டியில் காற்று. ஆகவே பேட்டரியில் ஓடும் ஒரு சிறு ஏர் பம்ப், இன்வெர்ட்டரில் ஓடும் ரிட்டர்ன் பம்பைவிட அவசரமான பொருள். தொட்டிக்கான சுற்றில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இருப்பதை எலக்ட்ரீஷியனிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். வயர்கள் பிளக்கை அடையும் முன் ஒருமுறை கீழே தொங்கி ஏறும்படி விட்டால், வயரில் வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

கடல்நீருக்கு மாறும்போது பெரிய பம்ப் தேவைப்படுமா என்று கேட்கத் தோன்றும். தேவைப்படாது. பவளங்களுக்கு வேண்டிய 20 மடங்கு, 30 மடங்கு சுழற்சியைத் தொட்டிக்குள் பொருத்தி நீரை அலைக்கழிக்கும் வேவ்மேக்கர்கள் மிகக் குறைந்த மின்சாரத்தில் தருகின்றன, ஏனென்றால் அவை நீரை எங்கும் தூக்குவதில்லை. கரைந்த கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் தன் சொந்தப் பம்பில் ஓடும். அதற்கும் மூன்று முதல் ஐந்து மடங்கு ரிட்டர்ன் ஓட்டமே போதுமானது. ரிட்டர்ன் குழாயிலிருந்தே கிளை பிரித்து கிருமி கொல்லும் யு.வி. விளக்கோ, வடிகட்டிப் பொருள் நிரப்பிய குடுவையான ரியாக்டரோ ஓட்டும் திட்டம் இருந்தால் மட்டும், அவை கேட்கும் லிட்டரை 1500-உடன் கூட்டிக்கொண்டு பம்பைத் தேர்ந்தெடுங்கள். அந்தத் திட்டம் உறுதியானால் அடுத்த அளவு டி.சி. பம்பை இப்போதே வாங்கி வேகத்தைக் குறைத்து ஓட்டுவது நியாயமான முடிவுதான்.

பொருத்திய பிறகு உண்மையில் எவ்வளவு ஓடுகிறது என்று அளந்துவிடுங்கள். சம்பில் இறங்கும் வடிகால் குழாயின் கீழே 15 லிட்டர் வாளியைப் பிடித்து நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். 36 வினாடியில் நிரம்பினால் ஓட்டம் மணிக்கு 1500 லிட்டர். இந்த எண்ணைத் தேதியோடு எழுதிவைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் அளந்தால், பம்ப் அழுக்கேறுவது கண்ணுக்குத் தெரியும் முன்பே கணக்கில் தெரிந்துவிடும். உங்கள் குடியிருப்பில் போர்வெல் தண்ணீர் என்றால் இது இன்னும் முக்கியம். ஆப்பிரிக்க சிக்லிட்டுகளுக்கு அந்தக் கடின நீர் ஒத்துப்போகும், ஆனால் அதன் சுண்ணாம்பு இம்பெல்லரின் (பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரம்) தண்டிலும் காந்தத்தைச் சுற்றியுள்ள குழியிலும் வெள்ளையாகப் படிந்து சுழற்சியை இறுக்கும். மின்சாரம் போய்த் திரும்பும்போது பம்ப் கிளம்பாமல் நிற்பதற்கு இதுவே வழக்கமான காரணம். பம்பைக் கழற்றி, வெள்ளை வினிகரையும் நீரையும் சம அளவில் கலந்து சில மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் படிவு கழன்றுவிடும். நல்ல நீரில் அலசிவிட்டுத் திரும்பப் பொருத்துங்கள். வாங்கும்போதே அதே மாடலுக்குத் தனி இம்பெல்லர் கிடைக்குமா என்று கேட்டு, கிடைத்தால் ஒன்று சேர்த்து வாங்கிவிடுங்கள். கிடைக்காத மாடலைவிட, சற்று விலை கூடினாலும் உதிரிப் பாகம் கிடைக்கும் மாடலையே நான் தேர்ந்தெடுப்பேன்.